மகாராணி சொன்ன சாட்சி

“பொய் சொல்ற சாட்சியை எவ்வளவோ பாத்தாச்சு. கொட்டாவி விடற சாட்சியை இப்பத்தான் பாக்கறேன்,” என்றாள் அண்ணி.

சாட்சி இன்னொரு கொட்டாவி விட்டது. வெள்ளை வெளேர் என்று உடம்பு, நீலக் கண்கள், கழுத்தில் ஒரு அடையாள அட்டை. அட்டையில் பூனையின் போட்டோ. அதன் கீழே ‘தரக் கட்டுப்பாட்டு அதிகாரி’ என்று பதவி. நான் படித்த படிப்புக்கு இன்றுவரை எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு அட்டை தரவில்லை. பூனைக்குத் தந்திருக்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“என் மகாராணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. மறுபடியும் பாருங்க,” என்றார் முதலாளியம்மா.

மேஜை மேலிருந்த ஒரு பாட்டிலை எடுத்து, சோபா மெத்தையில் சாய்ந்திருந்த பூனையின் முதுகுக்கு நேராகப் பிடித்து அழுத்தினார். ஸ்ஸ்ஸ்க். ஸ்ஸ்ஸ்க். சீமைச் சாமந்தி வாசனை அறை முழுக்கப் பரவியது. மகாராணி ஈரமான ரோமத்தை ஒருமுறை நக்கிப் பார்த்தது. அவ்வளவுதான். எங்களை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

எனக்கு மூக்கு அரித்தது. வந்துவிட்டது.

என் தும்மலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது சாதாரணத் தும்மல் இல்லை. அண்ணன் கல்யாணத்தில் நான் தும்மியபோது போட்டோகிராபர் கேமராவைக் கீழே போட்டுவிட்டார். அதனால்தான் ஆல்பத்தில் பாதிப் படங்கள் இல்லை. அண்ணி அதை இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இங்கேயும் முதலாளியம்மா நாற்காலியோடு எகிறினார். பூனை கால் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஏதோ விழுந்து உடைந்தது. “என்ன வெடிச்சது?” என்று யாரோ ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பழக்கப்பட்டவளாகக் கைக்குட்டையை நீட்டினாள்.

“இவர் யாரு?” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார் முதலாளியம்மா.

“என் கொழுந்தன். உதவிக்கு வெச்சிருக்கேன். சமயத்துல உபத்திரவமும் பண்ணுவார்.”

பெரிய மரியாதை! துப்பறியும் ஏஜென்சி அண்ணியுடையது. ஆனால் வண்டிக்குப் பெட்ரோல் போடுவது நான், கொட்டும் மழையில் ஆளைக் கண்காணிப்பது நான், போகிற இடமெல்லாம் அண்ணி கேட்டு வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைக்கிற டீயையும் சேர்த்துக் குடிப்பது நான். இருக்கட்டும்.

விஷயம் இதுதான். முதலாளியம்மாவின் தொழிற்சாலையில் நாய்க்கும் பூனைக்கும் ஸ்பிரே தயாராகிறது. நாயின் ரோமம் மினுமினுக்க ஒன்று, பாதம் வெடிக்காமலிருக்க ஒன்று, குளிக்க மறுக்கிற நாயின் நாற்றத்துக்கு ஒன்று, பூனையின் மனசு அமைதியாக ஒன்று. மனுஷனுக்கு ஏதாவது உண்டா, அண்ணனுக்கு ஒன்று வாங்கிப் போகலாமே என்று கேட்க நினைத்து அண்ணியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். இந்தத் தொழிற்சாலை தன் பெயரில் எதையும் விற்பதில்லை. தயாரிப்பது இவர்கள். பெயரும் லேபிளும் வாங்குகிற கம்பெனிக்காரர்களுடையது. உள்ளே ஒரே சரக்கு, வெளியே ஆளுக்கொரு பேர்.

அவர்களில் பெரிய கடைக்காரர் என்று ஒருவர். ஊர் ஊராகக் கடை வைத்திருப்பவர். தொழிற்சாலையின் பாதிச் சரக்கு அவருக்குத்தான் போகிறது. அவருக்குச் செய்து கொடுத்த பூனை அமைதி ஸ்பிரேயை அடித்தால் பூனைகளுக்குப் பேய் பிடிக்கிறதாம். திரைச்சீலை கிழிகிறது, பூச்சாடி உடைகிறது, அடித்தவர் மூக்கில் பிராண்டல். பெட்டி பெட்டியாக ரிட்டர்ன்.

“இன்னைக்குச் சாயங்காலம் நேர்ல வரார்,” என்றார் முதலாளியம்மா. “சரக்கைக் கெடுத்தது யாருன்னு சொல்லணும், அந்த ஆளை அவர் கண் முன்னால வெளியே அனுப்பணும். இல்லேன்னா ஆர்டர் மொத்தமும் கேன்சல். அவர் போனா நான் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்.”

“யாரு கெடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ருசு பண்ணத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பாருங்க, ஒவ்வொரு தடவை சரக்கு தயாரானதும் ஒரு பாட்டிலை நானே எடுத்து மகாராணி மேல அடிப்பேன். அவ அசையாம இருந்தா பாஸ். அப்புறம்தான் லேபிள் ஒட்டறது. இப்ப அடிச்சேனே, அது அந்தச் சரக்கை அனுப்பறதுக்கு முன்னாலயே நான் எடுத்து வெச்ச பாட்டில்தான். பாஸ். அப்ப என் டெஸ்டுக்கு அப்புறம்தான் யாரோ எதையோ கலந்திருக்காங்க. பாட்டில் நிரப்பி வைக்கற ரூம் சாவி ஒரே ஆள்கிட்டதான் இருக்கு.”

“யாரு?”

முதலாளியம்மா பூனையின் காதைத் தடவினார். “என் மருமக.”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன். மாமியார் மருமகள் கேஸ் என்றால் அண்ணி இரண்டு பங்கு பீஸ் கேட்பது வழக்கம். அன்று கேட்கவில்லை.

“ரிட்டர்ன் வந்த பாட்டிலை மகாராணி மேல அடிச்சுப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஐயோ! அதுல என்ன எழவைக் கலந்து வெச்சிருக்காளோ! என் குழந்தை மேல அடிக்க விடுவேனா?”

*

மருமகள் ஆய்வகத்தில் இருந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் வாசனை பார்க்கிற காகிதப் பட்டைகள். ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய், நடுநடுவே தன் முழங்கையை மோந்து பார்த்தாள்.

“அது எதுக்கு?” என்றேன்.

“நிறைய வாசனை பாத்தா மூக்கு மரத்துப் போயிரும். நம்ம உடம்பு வாசனையை மோந்தா மறுபடி தெளிஞ்சிரும்.”

நான் என் முழங்கையை மோந்தேன். மூக்கு தெளிந்ததா தெரியாது, குளித்துவிட்டு வந்திருக்கலாம் என்பது தெளிந்தது.

“ரிட்டர்ன் வந்ததை நான் சோதிச்சுட்டேன் மேடம்,” என்றாள் அண்ணியிடம். “அத்தை எடுத்து வெச்ச பாட்டிலுக்கும் அதுக்கும் ஒரு சொட்டு வித்தியாசம்கூட இல்லை. யாரும் எதையும் கலக்கல. சொன்னா நம்பணுமே! ‘நீ செஞ்ச தப்புக்கு நீயே டெஸ்டா’ன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு என்னைவிட அந்தப் பூனை மேல நம்பிக்கை.”

“உங்களுக்கு வேற கம்பெனிலேருந்து அழைப்பு வந்திருக்காமே?”

“வந்துச்சு. போகமாட்டேன்னு சொல்லிட்டேன். இந்த ஸ்பிரே ஒவ்வொண்ணும் நான் உருவாக்கினது மேடம். பூனை அமைதி ஸ்பிரேக்கு மட்டும் எத்தனை மாசம் உக்காந்தேன் தெரியுமா?” காகிதப் பட்டைகளைக் கீழே வைத்தாள். “சரக்கைக் கெடுத்தவன்னு சொல்லி இன்னைக்கு என்னை வெளியே அனுப்பிட்டா, இந்தத் தொழில்ல இனி எவனும் என்னைச் சேர்க்கமாட்டான். வீட்டுலயும் அந்தப் பேரோடதான் இருக்கணும்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அம்மா பக்கத்துல இருந்தா அம்மா சொல்றது சரிம்பார். என் பக்கத்துல இருந்தா நான் சொல்றது சரிம்பார்.”

“ரெண்டு பேரும் இருந்தா?” என்றேன்.

“பாத்ரூம் போயிருவார்.”

பக்கத்து அறையில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. லேபிள் இல்லாத மொட்டைப் பாட்டில்கள். குழாய் இறங்கி நிரப்பியது, அடுத்த இயந்திரம் தலையில் பம்ப்பை வைத்துத் திருகியது. அண்ணி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தப் பூனைச் சரக்கு பெரிய கடைக்காரருக்கு மட்டும்தானா?”

“இல்ல மேடம். ஒரே டேங்க்தான். இன்னொரு சின்னக் கம்பெனிக்கும் இதேதான் போகுது. லேபிள்தான் வேற.”

“அவங்ககிட்டேருந்து புகார்?”

“ஒண்ணுகூட இல்ல. அவங்க எப்பவோ ஒரு லோடு எடுத்தாங்க, அதையே இன்னும் வித்துட்டிருக்காங்க.”

“நாய் ஸ்பிரேக்குப் புகார்?”

“அதுவும் இல்ல. அதையும் நான்தான் செய்யறேன், அதுவும் இதே ரூம்லதான் நிரப்பறோம், சாவியும் என்கிட்டதான்.” மருமகள் கசப்பாகச் சிரித்தாள். “கெடுக்கணும்னு நினைச்சா எல்லாத்தையும் கெடுத்திருக்க மாட்டேனா?”

அண்ணி பாட்டிலைத் திரும்ப வைத்தாள். “ரிட்டர்ன் பண்ணவங்கள்ல கிட்டத்துல யாரு இருக்காங்க? பூனையோட கொஞ்சம் பேசணும்.”

*

கிட்டத்தில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். மாடி வீடு. கதவைத் திறந்தபோது அவர் மூக்கில் பிளாஸ்திரி இருந்தது. ஹால் திரைச்சீலை நூல் நூலாகத் தொங்கியது.

“என்கிட்ட வர்ற பேஷன்ட் பயந்து ஓடறான், சரி, அதுல நியாயம் இருக்கு,” என்றார் டாக்டர். “நான் சோறு போடற பூனை ஏங்க ஓடணும்?”

அவர் பூனைக்குக் குண்டன் என்று பெயர். பெயருக்கு நியாயம் செய்கிற உடம்பு. நாற்காலியில் வழிந்து கிடந்தது.

டாக்டர் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார். “இது நல்ல கம்பெனி. ரொம்ப நாளா வாங்கறேன். அடிச்சா குண்டன் அப்படியே சொக்கிப்போவான். இன்னொரு பாட்டில் வாங்கலாம்னு போனேன், இது இல்ல, அதைக் குடுத்தாங்க. அது அயோக்கியக் கம்பெனி. திருட்டுப் பசங்க! ஜெயில்ல போடணும்!”

லேபிள்களைப் பார்த்தேன். நல்ல கம்பெனி என்றது சின்னக் கம்பெனியின் லேபிள். அயோக்கியக் கம்பெனி என்றது பெரிய கடைக்காரரின் லேபிள். இரண்டும் நாங்கள் சற்று முன் பார்த்துவிட்டு வந்த ஒரே டேங்க்கில் பிறந்த உடன்பிறப்புகள். சிரிப்பு வாய்வரை வந்தது. அண்ணி என் காலை மிதித்தாள்.

“டாக்டர், அயோக்கியக் கம்பெனியை ஒரு தடவை அடிங்க,” என்றாள்.

“வேண்டாங்க. எனக்கு இருக்கறது ஒரே மூக்கு.”

“குடுங்க, என் கொழுந்தன் அடிப்பார். அவருக்கு மூக்கு போனா ஊருக்கே நல்லது.”

அடித்தேன். ஸ்ஸ்ஸ்க். நாற்காலியில் வழிந்து கிடந்த அந்த மூட்டை, பந்து மாதிரி எகிறித் திரைச்சீலை உச்சியில் போய்த் தொங்கியது. கம்பி வளைந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று குதித்தார் டாக்டர்.

அண்ணி நாற்காலியைத் தடவினாள். பிறகு ஸ்டூலில் ஏறிக் குண்டனின் முதுகைத் தடவினாள்.

“டாக்டர், நாற்காலிதான் ஈரம். பூனை மேல ஒரு சொட்டுகூடப் படல.”

“அதனால?”

“மேல படாமலே வேலை செய்யற விஷத்தை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

குண்டனைச் சமாதானப்படுத்தி இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து நல்ல கம்பெனி. அந்தப் பாட்டிலை அழுத்தினால் சத்தமே இல்லை. புகை மாதிரி வந்தது. குண்டன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டியது.

“நான்தான் சொன்னேனே, கம்பெனின்னா அது!” என்றார் டாக்டர்.

அண்ணி இரண்டு பாட்டில்களின் தலையிலிருந்த பம்ப்பையும் திருகி எடுத்தாள். ஒன்றினதை மற்றதில் மாற்றிப் பொருத்தினாள். நல்ல கம்பெனி பாட்டிலை என்னிடம் நீட்டினாள். “அடி.”

ஸ்ஸ்ஸ்க். குண்டன் இந்தத் தடவை நேராக டாக்டரின் தலையில் ஏறி, அங்கிருந்து அலமாரிக்குப் போனது.

“ஐயையோ! நல்ல கம்பெனியும் கெட்டுப்போச்சா!” என்று அலறினார் டாக்டர். பாவம், அவர் உலகமே இடிந்துவிட்டது.

பாட்டில் ஒழுகிச் சாமந்தி வாசனை என் கையெல்லாம் பரவியிருந்தது. மூக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. தும்மினேன். அலமாரி மேலிருந்த குண்டன் இன்னொரு அடி உயர எகிறி, இரண்டு புத்தகங்களோடு கீழே விழுந்து, கட்டிலுக்கடியில் மறைந்தது.

“மன்னிச்சுக்குங்க அண்ணி,” என்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அண்ணி என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பாஸானபோது அம்மா அப்படிப் பார்த்ததுண்டு. அதுவும் ஒரே தடவைதான்.

“இன்னொரு தும்மல் வருமா?”

“என்னது, ரேடியோல பாட்டு கேக்கற மாதிரிக் கேக்கறீங்க?”

“காலையில அந்தம்மா ரூம்ல தும்மினியே. அப்ப யார் யார் எகிறினாங்க?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ணை மூடிட்டுத்தானே தும்முவேன்.”

“நான் கண்ணைத் திறந்துட்டுத்தான் இருந்தேன்,” என்றாள் அண்ணி.

*

ஸ்கூட்டரை அண்ணி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து வெற்றி முழக்கம் செய்துகொண்டு வந்தேன். “கேஸ் முடிஞ்சுது அண்ணி! மருந்துல ஒண்ணும் இல்ல. பம்ப்தான் திருடன். அந்த ‘ஸ்ஸ்ஸ்க்’ பூனைக்கு இன்னொரு பூனை சீறற மாதிரிக் கேக்குது. பழைய பம்ப்ல சத்தம் இல்ல, புதுசுல இருக்கு. நாய்க்கு அதெல்லாம் பொருட்டே இல்ல, அதான் நாய் வீட்டுலேருந்து புகார் வரல. எப்படி?”

“ரொம்ப சரி. அந்தம்மா ஒரே கேள்வி கேப்பாங்க. ‘அதே பம்ப்பை வெச்சுத்தானே உங்க கண் முன்னால மகாராணி மேல அடிச்சேன்? அவ ஏன் ஓடல?’ என்ன சொல்லுவ?”

நான் யோசித்தேன். “திமிர்னு சொல்லுவேன்.”

“அவங்களும் அதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்காங்க.”

அண்ணி வேகத்தைக் கூட்டினாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரிய கடைக்காரர் வந்துவிட்டார். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயையும் கூட்டி வந்திருந்தார். நாய் வாசலில் நின்றபடி மகாராணியைப் பார்த்துக் கண்ணாடி அதிரக் குரைத்தது. மகாராணி சோபா மெத்தையில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாலை நக்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா நெஞ்சழுத்தத்தை!” என்று கடைக்காரரிடம் பெருமைப்பட்டார் முதலாளியம்மா. “இவ பாஸ் பண்ணின சரக்கு கெடாது. கெடுத்தது இவதான்.” முதல் ‘இவ’வுக்குப் பூனையைக் காட்டிய விரல், இரண்டாவதற்கு மருமகளைக் காட்டியது.

மருமகள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மேஜை மேல் சாவி. முகம் அழுது வீங்கியிருந்தது. முதலாளியம்மாவின் மகன் மெல்ல எழுந்து பாத்ரூம் பக்கம் நகர்ந்தார். அண்ணி கதவை மறித்தாள்.

“உக்காருங்க சார். அப்புறம் போலாம்.”

உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்றார் முதலாளியம்மா.

“கண்டுபிடிச்சாச்சும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பூனைப் பாட்டிலுக்குப் புது பம்ப் எப்ப வந்துச்சு?”

“பழசு தீந்துபோச்சு. இந்த லோடுக்குத்தான் புதுசு. நானே தேடி வாங்கினது. ஏன், நல்லா பொடியா அடிக்குதே! நாய் பாட்டிலுக்கும் அதுதான். மகாராணி மேல அடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்.”

அண்ணி பல் டாக்டர் வீட்டுக் கதையைச் சொன்னாள். தலை மாற்றிய பாட்டிலைச் சொன்னாள். நாற்காலி நனைந்து பூனை நனையாததைச் சொன்னாள். கடைக்காரர் வாயைப் பிளந்தார். மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“சத்தமா?” என்று சீறினார் முதலாளியம்மா. “சுத்த அபத்தம்! அப்ப என் மகாராணி ஏன் ஓடல? இவளைக் காப்பாத்தறதுக்குக் கதை கட்டறீங்களா?”

அண்ணி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “அதுக்குத்தான் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணணும். எங்க வக்கீல் இவர்தான். கொழுந்தனாரே, தும்மு.”

“நினைச்சா வராது அண்ணி! அது என்ன குழாய்த் தண்ணியா?”

மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்து என் மூக்கருகே பிடித்து நாலு தடவை அடித்தாள். பாவி! சீமைச் சாமந்தி மூளைவரை ஏறியது. கண்ணில் நீர் கொட்டியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தும்மல் வந்ததில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கடைக்காரரின் சட்டை முழுக்க டீ. முதலாளியம்மா சுவரோடு ஒட்டியிருந்தார். கன்றுக்குட்டி நாய் பாத்ரூமுக்குள் புகுந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மகன் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

மகாராணி வாலை நக்கிக்கொண்டிருந்தது.

காதுகூட அசையவில்லை.

“காலையிலயும் இப்படித்தான்மா,” என்றாள் அண்ணி மெதுவாக. “இவன் தும்மினா எங்க தெருவே எழுந்து உக்காரும். உங்க பூனை திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப நாய் குரைச்சது, அதுக்கும் பாக்கல. பின்னாலேருந்து நீங்களே கூப்பிட்டுப் பாருங்க.”

முதலாளியம்மா சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றார். “மகாராணி,” என்றார். “மகாராணிம்மா... ஏய், செல்லம்...” குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கத்தினார். பூனை வாலை முடித்துவிட்டுக் காலுக்கு மாறியது.

“வெள்ளை உடம்பு, நீலக் கண்ணு,” என்றாள் மருமகள். “இந்த மாதிரிப் பூனைகளுக்குக் காது கேக்காமப் போறது உண்டுன்னு நான் படிச்சிருக்கேன். தினமும் பாக்கறேன், தோணவே இல்லையே...”

“கூப்பிட்டா வராது. அதட்டினா திரும்பாது. ராஜ வம்சம்னு நினைச்சேன்,” என்றார் முதலாளியம்மா. தொப்பென்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பூனையும் கூப்பிட்டால் வராது. அதனால் செவிட்டுப் பூனை எது என்று யாருக்கும் தெரிவதில்லை. அந்தச் செவிட்டுப் பூனையை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு பாட்டிலும் பாஸாகியிருக்கிறது.

கடைக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். தொழில்காரர். விஷயத்துக்கு வந்துவிட்டார். “அதெல்லாம் சரி. என் பேர் கெட்டுப்போச்சு. யார் பொறுப்பு? அவங்க வெளியே போகணும்னு சொல்லியிருந்தேன்.”

எல்லோரும் மருமகளைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். மாமியாரைக் கை காட்டினால் வட்டியும் முதலுமாகத் தீர்ந்துவிடும். நானாக இருந்தால் காட்டியிருப்பேன். அவள் கையிலிருந்த கோட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“பம்ப் மாத்தினா சரியாயிரும் சார்,” என்றாள். “சத்தம் இல்லாத பம்ப் கிடைக்குது. அனுப்பின சரக்கு எல்லாத்தையும் நாங்களே எடுத்துத் தலையை மட்டும் மாத்திக் குடுக்கறோம்.”

“நான் கேட்டது யாருன்னு.”

“நான்தான்,” என்றார் முதலாளியம்மா.

மகன், “அம்மா...” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவும் மனைவியும் சேர்ந்து இருக்கிற அறையில் அவர் பேசியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“நீ சும்மா இருடா. பம்ப் வாங்கினது நான். டெஸ்ட் பண்ணினது நான். அந்தப் பொண்ணு ஒண்ணும் கலக்கலன்னு தலையால அடிச்சுக்கிட்டா, கேக்காதது நான். செவிடு பூனை மட்டும் இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டெஸ்ட் வேலையிலேருந்து நானும் மகாராணியும் விலகிக்கறோம். இனிமே எந்தச் சரக்கு வெளியே போகணும்னு என் மருமகதான் சொல்லுவா. அவ வேண்டாம்னு நீங்க சொன்னா, உங்க ஆர்டர் எனக்கும் வேண்டாம். இஷ்டம்னா ஆர்டர் குடுங்க, இல்லேன்னா விடுங்க.”

கடைக்காரர் மருமகளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். நாயைப் பாத்ரூமிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர ரொம்ப நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் யோசித்து முடித்துவிட்டார் போல.

“பம்ப்பை மாத்தி அனுப்புங்க. ஆர்டர் அப்படியே இருக்கட்டும்,” என்றார் மருமகளிடம். “இந்தத் தும்மல்காரரை மட்டும் என் கடைப் பக்கம் விட்டுராதீங்க.”

அவர் போன பிறகும் முதலாளியம்மா சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. “எத்தனை வருஷமா இவகிட்ட என் கஷ்டத்தை எல்லாம் கொட்டியிருக்கேன். உக்காந்து கேக்கறான்னு நினைச்சேன். ஒண்ணுகூடக் கேக்கலையா இவளுக்கு?”

“என்னைப் பத்திச் சொன்னதுமா அத்தை?”

“அதுதான் நிறைய.”

“அப்ப கேக்காததே நல்லதாப் போச்சு.”

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருமகள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துச் சோபாவின் மரக் கைப்பிடிக்குக் கொண்டுபோனாள். “அத்தை, காதுதான் கேக்காது. அதிர்வு தெரியும். இங்கே தட்டுங்க.”

தட்டினார். மகாராணி நக்குவதை நிறுத்தியது. இன்னும் ஒரு தட்டு. திரும்பிப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, நேராக வந்து அவர் மடியில் ஏறியது.

“வந்துட்டாடி!” என்றார் முதலாளியம்மா. “கூப்பிட்டதும் வந்துட்டா! பாத்தியா?” மருமகளின் கையை விடவே இல்லை.

நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாமந்தியாகவும் இருக்கலாம். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கிளம்பலாம் என்று. பீஸைப் பற்றி இன்றைக்குப் பேச முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கதவருகே போகும்போது பின்னால் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. மருமகளைப் பார்க்காமல், பூனையிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார்.

“நாளைக்குச் சீக்கிரமா வந்துரு. தலை மாத்தற வேலை நிறைய இருக்கு.”

“ஒரே வீட்டுலேருந்து ஒரே கார்லதானே அத்தை வரோம்?”

முதலாளியம்மா மகாராணியின் காதைத் தடவினார்.

“அப்ப என்னையும் சீக்கிரம் எழுப்பு,” என்றார் மாமியார்.